தாடைத் தசைவலிக்கு எந்த ஸ்பிளின்ட்: கடினமானதா, மென்மையானதா, முன்பல் தடுப்பா?

தூக்கத்தில் பல்லைக் கடித்துக் காலையில் கன்னம் இறுகிப்போய் எழுகிறவர்களுக்குப் பெங்களூருவின் பல் மருத்துவர்கள் பொதுவாக, இரவில் பற்களின்மேல் மாட்டிக்கொள்ளும் ஸ்பிளின்ட் எனும் காப்பு வகைகள் மூன்றில் ஒன்றைப் பரிந்துரைக்கிறார்கள். ஒரு வரிசைப் பற்களை முழுவதும் மூடும் கடினமான அக்ரிலிக் ஸ்பிளின்ட் ஒன்று, ஈ.வி.ஏ. எனப்படும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சிப் பல் அச்சின்மேல் படியவைத்த மென்மையான நைட் கார்டு இன்னொன்று. முன்வெட்டுப்பற்களில் மட்டும் மாட்டும் சிறிய தடுப்பு மூன்றாவது. நான் இப்போது அணிவது அக்ரிலிக் ஸ்பிளின்ட். அதற்கு முன்பு சில காலம் மென்மையானதை அணிந்திருந்தேன். முன்பல் தடுப்பை அணிந்ததில்லை; அதைப் பற்றி இங்கே எழுதுவது படித்தும் மருத்துவரிடம் கேட்டும் அறிந்தது மட்டுமே. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை வாசிப்பவர்கள் இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

விலையிலும் வேகத்திலும் மென்மையானதே முந்துகிறது. அளவெடுத்த ஓரிரு நாட்களில் கைக்கு வந்துவிடும். அக்ரிலிக் ஸ்பிளின்ட் ஆய்வகத்துக்குப் போய்த் திரும்ப ஒரு வாரமாவது பிடிக்கும், செலவும் சில மடங்கு கூடுதல். முதல் இரவின் இதமும் மென்மையானதில்தான். இவற்றில் வாதிட ஒன்றுமில்லை.

வாதம் தொடங்குவது விசையில். தாடை ஒரு நெம்புகோல்: காதுக்கு முன்னாலுள்ள மூட்டு அதன் ஆதாரப்புள்ளி, கன்னத்திலுள்ள மாசெட்டர், நெற்றிப்பொட்டில் விரியும் டெம்பொராலிஸ் ஆகிய தசைகள் இழுவிசையைத் தருகின்றன, பற்களுக்கு இடையே சிக்குவது சுமை. பாக்குவெட்டியின் கீலுக்கு அருகில் வைத்த பாக்கு சட்டென்று நொறுங்குவதைப் போல, மூட்டுக்கு அருகிலுள்ள கடைவாய்ப்பற்களில் கடிவிசை மிகுதியாக விழுகிறது. நல்ல ஆரோக்கியமுள்ளவர் முழு வலுவுடன் கடித்தால் அங்கே 500 முதல் 700 நியூட்டன் வரை பதிவாவது சாதாரணம். வெட்டுப்பற்களில் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். இந்த விசை எத்தனை பற்களில், எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதை மாற்றியமைப்பதற்காகவே ஸ்பிளின்ட் அணிகிறோம்.

மென்மையானதன் குறை இங்கேதான் தெரிகிறது. தகட்டின் தடிமன் முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒன்றே. வாயோ கீலில் சுழலும் கதவாக மூடுவதால் கடைவாய்ப்பற்களுக்கு இடையே 1 மில்லிமீட்டர் திறந்தால் முன்பற்களில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை திறக்கும். ஆகவே ஒரே சீரான தகட்டைப் போட்டுக் கடித்தால் கடைசிக் கடைவாய்ப்பல்தான் முதலில் மோதும். தகடு அமுங்கிய பிறகே மற்றப் பற்கள் வந்து சேரும். மேலும், அமுங்கும் பொருள் வாயில் இருந்தால் சிலருக்கு அதை மென்றுகொண்டே இருக்கத் தோன்றுகிறது. 1987-இல் ஜெஃப்ரி ஓக்சன் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: பத்துப் பேரின் இரவுநேரத் தசை இயக்கத்தை அளந்தபோது கடின ஸ்பிளின்ட் எட்டுப் பேரிடம் அதைக் குறைத்தது, மென்மையானது ஒருவரிடம் மட்டுமே குறைத்தது, ஐந்து பேரிடம் கூட்டிவிட்டது. பத்துப் பேரை வைத்து ஒரு சட்டம் எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் மென்மையான நைட் கார்டு போட்ட நாட்களில் காலையில் என் கன்னத்தில் இருந்த இறுக்கத்துக்கு இது பொருந்துகிற விளக்கமாகவே எனக்குப்படுகிறது.

அக்ரிலிக் ஸ்பிளின்டில் முன்பக்கத்தைத் தடித்தும் பின்பக்கத்தை மெலிந்தும் ஆய்வகத்திலேயே அமைத்துவிடுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராம்ஃபியோர்டும் ஆஷும் உருவாக்கிய வடிவம்தான் இன்றும் பெரும்பாலும் மாதிரி: தட்டையான மேற்பரப்பு, எதிர்வரிசைப் பற்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் தொடும் புள்ளிகள், கோரைப்பல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிறு சரிவு. தாடையைப் பக்கவாட்டில் அரைத்தால் கோரைப்பல் அந்தச் சரிவில் ஏறி, பின்பற்களைப் பிரித்துவிடும். கோரைப்பல்லுக்கு நீண்ட வேர் உண்டு, மூட்டிலிருந்து தொலைவிலும் இருக்கிறது. பின்பற்கள் ஒன்றையொன்று விட்டதும் மாசெட்டரும் டெம்பொராலிஸும் தளர்வதை 1983-இல் வில்லியம்சனும் லண்ட்க்விஸ்டும் மின்முனைகள் வைத்துப் பதிவு செய்தார்கள்.

ஆனால் என் தேர்வைத் தீர்மானித்தது இந்த வடிவம்கூட அல்ல, சரிசெய்யும் வசதிதான். இறுகியிருந்த தசை சில வாரங்களில் தளரத் தொடங்கும்போது தாடை நிற்கும் இடமும் சற்றே மாறுகிறது. அதனால் முதல் நாள் ஒழுங்காகத் தொட்ட புள்ளிகள் பிறகு தொடுவதில்லை. மருத்துவர் நீல நிறத் தாளைப் பற்களுக்கு இடையில் வைத்துக் கடிக்கச் சொல்வார்; ஸ்பிளின்டின்மேல் விழும் அடர்ந்த நீலப் பொட்டுகளை மட்டும் சுழலும் கருவியால் தேய்த்துவிட்டு மறுபடி கடிக்கச் சொல்வார்; எல்லாப் பொட்டுகளும் ஒரே நிறத்துக்கு வரும்வரை இது தொடரும். கடைசியில் 8 மைக்ரான் தடிமனுள்ள உலோகத் தாளைச் செருகி இழுத்து, ஒவ்வொரு பல்லும் அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பார். அக்ரிலிக் இந்த வேலைக்கு ஒத்துழைக்கிறது. அதிகமாகத் தேய்ந்துவிட்டால் அதே பிசினை மேலே சேர்த்துக்கொள்ளலாம். ஈ.வி.ஏ. தகட்டில் அந்தக் கருவியை வைத்தால் அது வெட்டுப்படாமல் இழுபட்டுச் சுருளும். நீலப் பொட்டும் தெளிவாக விழாது. சரிசெய்ய முடியாத ஒன்றைத் தூக்கிப்போட்டு வேறு வாங்குவதுதான் வழி. கடுமையாகக் கடிப்பவர்கள் அதைச் சில மாதங்களிலேயே ஓட்டையாக்கிவிடுகிறார்கள். முதலில் தெரிந்த விலை வித்தியாசம் அப்படியே கரைந்துபோகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அல்சூரிலிருந்து ஜெயநகருக்கு மாலை நெரிசலில் போய், பத்து நிமிடத் தேய்ப்புக்காகக் காத்திருந்து திரும்புவது எளிதல்ல. அக்ரிலிக் வாங்குகிறவர் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அருகிலுள்ள மருத்துவரிடம் வாங்குவது நல்லது. பொருளைவிட அந்தத் தொடர்ச்சிக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

முன்பல் தடுப்பின் தத்துவம் கவர்ச்சியானது: பின்பற்கள் தொடவே தொடாவிட்டால் தசைகளால் முழு வலுவைக் காட்ட முடியாது. பாட்-ஹான்சன் குழு 2007-இல் அளந்தபோது தூக்கத்தில் தசை இயக்கம் குறைந்தது நிரூபணமானது. வலியில் மட்டும் தட்டையான ஸ்பிளின்டோடு ஒப்பிட வித்தியாசம் தென்படவில்லை. நெம்புகோல் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. தசை அதே வலுவில் இழுத்தால், சுமை முன்னால் இருக்கும்போது மூட்டின்மேல் விழும் பங்கு கூடும். தொடர்ந்து அணிந்தால் தொடாத பின்பற்கள் மெல்ல வளர்ந்து முன்பற்கள் சேராமல் போகும் அபாயமும், சிறிய பொருள் என்பதால் தூக்கத்தில் விழுங்கிவிடும் அபாயமும் பதிவாகியுள்ளன. கடுமையான வலியுள்ள சில நாட்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் பயன்படுத்துவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நிரந்தரமாக என்றால் எனக்குத் துணிவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஆய்வுகளின் ஒட்டுமொத்த நிலையை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் 2020-இல் வெளியான விரிவான மதிப்பீடு, ஸ்பிளின்ட் அணிவது வலியைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது, 2023-இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட தாடை வலிக்கு ஸ்பிளின்டுகளை நிபந்தனையுடன் தவிர்க்கச் சொன்னது. எனவே எந்த வகையானாலும் வலி போய்விடும் என்று யாராவது உறுதியளித்தால் அதை நம்ப வேண்டியதில்லை. பல் தேய்மானத்தையும் உடைவையும் தடுப்பதற்காகவே நான் தொடர்ந்து அணிகிறேன். காலை இறுக்கம் குறைந்ததில் ஸ்பிளின்டின் பங்கு எவ்வளவு, பகலில் பல்லைக் கடிக்காமல் இருக்கப் பழகியதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. குறட்டையும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மேல்வரிசை ஸ்பிளின்ட் சிலருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடையை அதிகப்படுத்தியதாக 2004-இல் ஒரு சிறு ஆய்வு கண்டது.

பராமரிப்பில் இந்த ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. டேங்கரில் வரும் போர்வெல் தண்ணீரில் கழுவினால் சில வாரங்களிலேயே உள்பக்கம் வெண்மையாகச் சுண்ணாம்பு படிகிறது; அதன்மேல் ஃபில்டர் காபியின் கறையும் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டிய தண்ணீரில் கழுவி, அவ்வப்போது நீர்த்த வினிகரில் சற்று நேரம் ஊறவைத்து மென்மையான பிரஷால் தேய்த்தால் படிவம் போய்விடுகிறது. பற்பசை அக்ரிலிக்கைக் கீறும், வெந்நீர் அதை வளைக்கும், இரண்டும் வேண்டாம். பல்லுக்கு உறை போடவோ பெரிய அடைப்பு வைக்கவோ திட்டமிருந்தால் அந்த வேலைகளை முடித்த பிறகே அளவு கொடுக்க வேண்டும். பல்லின் வடிவம் மாறிவிட்டால் பழைய ஸ்பிளின்ட் உள்ளே உட்காராது.