சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்தம், கணக்கில் ஒன்றுமில்லை

சென்னையில் ஒரு யூடியூப் செய்திச் சேனலில் 2023 பிப்ரவரியில் டெஸ்க் வேலைக்குச் சேர்ந்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஜர்னலிசம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சேர்ந்த அன்றே டிகிரி ஒரிஜினலைக் கேட்டார்கள். "சரிபார்த்துட்டுத் தர்றோம்" என்றார் ஹெச்.ஆர். கொடுத்தேன். கொடுத்திருக்கவே கூடாது. வேலையை விட்டுவிடலாம் என்று எப்போது நினைத்தாலும் அது பூட்டிக் கிடக்கும் பீரோதான் ஞாபகம் வரும்.

தினமும் காலை பத்தரைக்கு மீட்டிங். முந்தின நாள் வீடியோக்களின் வியூஸ் கணக்கை டிவியில் போடுவார்கள். யாருடைய வீடியோ கடைசியோ அவர் எழுந்து நிற்க வேண்டும். ஒருமுறை, தூய்மைப் பணியாளர்களின் சம்பள பாக்கி பற்றி ஒரு பெண் ரிப்போர்ட்டர் இரண்டு நாள் அலைந்து ஸ்டோரி செய்திருந்தார். நல்ல ஸ்டோரி. வியூஸ் 1,200தான். "இதை உங்க வீட்டுலயாவது பார்த்தாங்களா?" என்று எடிட்டர் கேட்டார். அந்தப் பெண் கையிலிருந்த மைக்கின் லோகோவை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார். நாங்கள் இருபது பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். நானும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். டெஸ்க்கில் இருந்தவர்களையும் களத்தில் இறக்கினார்கள். 4ஆம் தேதி வேளச்சேரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, போனை பாலித்தீன் கவரில் சுற்றிப் பிடித்து லைவ் கொடுத்தேன். என் வண்டி இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மெக்கானிக்குக் கொடுத்தது என் கைக்காசு. நவம்பர் சம்பளமே அப்போது வந்திருக்கவில்லை. கேட்டதற்கு, "நாம எல்லாம் ஒரே குடும்பம், ஊரே தண்ணில கிடக்கும்போது காசு பேசலாமா?" என்றார்கள்.

அந்த வாரம்தான் கேமரா அண்ணன் ஒருவர் டீக்கடையில் வைத்து, "தம்பி, பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்தியா?" என்று கேட்டார். பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதிக் கணக்கை அதுவரை நான் பார்த்ததில்லை. அங்கேயே நின்று அரசின் உமங் செயலியில் என் பிஎஃப் அடையாள எண்ணான யுஏஎன் எண்ணைப் போட்டுத் திறந்தேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். அதோடு சரி. மாதாமாதம் என் சம்பளத்தில் 1,440 ரூபாய் பிடித்ததற்குச் சீட்டு இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை ஆறு மாதம், 8,640 ரூபாய், கணக்குக்கு வரவேயில்லை. கம்பெனி தன் பங்காகப் போட வேண்டியதும் வரவில்லை. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி என்று அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவிலேயே இருந்தது (2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு). எனக்கு இதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஜனவரியில் ராஜினாமா கொடுத்தேன். ஒரிஜினலை வாங்க மூன்று வாரம் நடையாய் நடந்தேன். கைக்கு வந்த மறுநாளே சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ள பிஎஃப் அலுவலகத்துக்குப் போனேன், ஆன்லைனிலும் புகார் பதிந்தேன். நோட்டீஸ் போன பிறகு ஆறு மாதப் பணமும் கணக்கில் ஏறியது. எனக்கு மட்டுமில்லை, அந்தக் கேமரா அண்ணனுக்கும்.

சம்பள பாக்கிக்காகத் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துத் தொழிலாளர் துறைக்கும் போனேன். பத்திரிகையாளர்களுக்கு அப்போதிருந்த 1955ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுப் பத்திரிகைகளுக்காகப் போட்டது, யூடியூப் சேனலில் வேலை பார்த்த எனக்கு அது கைகொடுக்கவில்லை. நவம்பர் சம்பளம் இரண்டு தவணையாக வந்தது. டிசம்பர் சம்பளம் வரவே இல்லை.

புதிதாகச் சேருகிறவர்கள் சான்றிதழின் நகலை மட்டும் கொடுங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆஃபர் லெட்டரில் 'கன்சல்டன்ட்' என்று போட்டிருந்தால் பிஎஃப் இருக்காது, வரி மட்டும் பிடிப்பார்கள், கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சம்பளச் சீட்டுகளை ஆபீஸ் மெயிலில் விட்டுவைக்காதீர்கள், நான் விலகிய அன்று மாலையே என் மெயிலை மூடிவிட்டார்கள். முன்னமே எல்லாவற்றையும் போனில் இறக்கி வைத்திருந்ததால்தான் பிஎஃப் அலுவலகத்தில் காட்ட என் கையில் ஏதோ இருந்தது.