வெளிநாட்டு டிஸ்க், கீ, வேறு நாட்டு அக்கவுண்ட்: மலிவு கேமுக்கு எந்த வழி?

உள்ளூரில் முழு விலை சொல்லும் கேம், ஹாங்காங்கிலோ பிரிட்டனிலோ உள்ள ஆன்லைன் கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடக்கிறது. வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் இரண்டு விஷயம் கேட்பேன். எந்த மெஷினில் ஆடப்போகிறீர்கள்? பிற்பாடு அதற்கு டிஎல்சி (கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் லெவல் போன்றவை) வாங்குவீர்களா?

மெஷின் விஷயம் சுலபம். பிளேஸ்டேஷன் 2, நின்டெண்டோ 3டிஎஸ் போன்றவற்றில் ரீஜன் லாக், அதாவது பகுதிப் பூட்டு உண்டு. வேறு பகுதி கேம் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் அது வெளியீட்டாளர் இஷ்டம், ஒவ்வொரு கேமாகப் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4, 5, நின்டெண்டோ ஸ்விட்ச் எல்லாம் திறந்தவை. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் பூட்டுப் போடத்தான் மைக்ரோசாஃப்ட் நினைத்தது; எதிர்ப்பு கிளம்பியதும் 2013 ஜூனில் கைவிட்டது.

சிக்கல் டிஎல்சியில்தான். ஆசியப் பதிப்பு டிஸ்க்கை அமெரிக்க அக்கவுண்டில் ஆடுகிறீர்கள் என்று வையுங்கள். கேம் ஓடும், சேவ் ஆகும், டிராஃபியும் விழும். சில மாதம் கழித்து டிஎல்சி வருகிறது. அமெரிக்க ஸ்டோரில் காசு கட்டுகிறீர்கள், டவுன்லோடும் முடிகிறது. கேமைத் திறந்தால் புது லெவல் எதையும் காணோம். டிஸ்க் ஒரு பகுதி, டிஎல்சி இன்னொரு பகுதி. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. இதற்கு வழி உண்டு. டிஸ்க் எந்தப் பகுதியோ அந்தப் பகுதிக்கு இன்னொரு அக்கவுண்ட் திறந்து, அந்த ஊர் கிஃப்ட் கார்டு போட்டு டிஎல்சி வாங்கி, அதே மெஷினில் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் கிஃப்ட் கார்டில் மிஞ்சும் சில்லறை அங்கேயே கிடக்கும். பிளேஸ்டேஷன் அக்கவுண்டின் நாட்டை மாற்றவும் முடியாது. நின்டெண்டோ இதில் தாராளம்: கணக்கில் பாக்கி பூஜ்யமாக இருந்தால் நாட்டை மாற்றிக்கொள்ளலாம்.

மொழியையும் பாருங்கள். ஆசியப் பதிப்பு என்று விற்பவற்றில் ஆங்கிலம் பெரும்பாலும் இருக்கும். ஜப்பான் பதிப்பில் இருக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. ரத்தம் தெறிக்கும் கேம்கள் அங்கே வெட்டப்பட்டு வருவதும் உண்டு.

இனி கீ, அதாவது ஸ்டோரில் அடித்தால் கேம் உங்கள் அக்கவுண்டில் சேரும் குறியீடு. தபால் செலவு இல்லை, சுங்கம் இல்லை, நிமிடத்தில் மெயிலுக்கு வரும். விலையை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் ஜெயிக்கும். ஆனால் யார் வேண்டுமானாலும் விற்கும் சந்தைத் தளங்களில், திருட்டு கார்டில் வாங்கிய கீயும் கலந்திருக்கும். பிடிபட்டால் கேம் உங்கள் லைப்ரரியிலிருந்து காணாமல் போகும். கீயிலும் பகுதிப் பூட்டு உண்டு. ஐரோப்பாவுக்குள்ளேயே அப்படிப் பூட்டியதற்காக, ஸ்டீம் என்ற பிசி கேம் ஸ்டோரை நடத்தும் வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் ஐரோப்பிய ஆணையம் 2021 ஜனவரியில் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் போட்டது. ஆடி முடித்த டிஸ்க்கை விற்றுக் காசு பார்க்கலாம். பயன்படுத்திய கீயை யார் வாங்குவார்?

ஸ்டீமில் மலிவான நாட்டுக்காரராக வேஷம் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த நாட்டுக் கட்டண முறை கேட்பார்கள், விதிமீறலும் ஆகும், மாட்டினால் பழைய கேம்களோடு சேர்த்து அக்கவுண்டே சிக்கலில் மாட்டும்.

வெளிநாட்டு டிஸ்க் மலிவாக இருந்ததற்கு வரி இடைவெளியும் ஒரு காரணம், அது அடைபட்டுக்கொண்டே வருகிறது. ஜெர்சி தீவிலிருந்து வாட் (மதிப்புக் கூட்டு வரி) இல்லாமல் பிரிட்டனுக்கு அனுப்பும் சலுகை 2012 ஏப்ரலில் போனது. 22 யூரோ வரையிலான பார்சலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தந்த வாட் விலக்கு 2021 ஜூலையில் போனது. 800 டாலர் வரையிலான பார்சலுக்கு அமெரிக்கா தந்த சுங்கச் சலுகை 2025 ஆகஸ்டில் போனது. அதனால் கேம் விலையோடு தபால், வரி, கூரியர்காரர் கேட்கும் சுங்கக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மெதுவான தபாலில் அனுப்பச் சொன்னால் இன்னொரு தமாஷ்: பார்சல் வந்து சேருவதற்குள் டிஜிட்டல் ஸ்டோரில் அதே கேம் தள்ளுபடிக்கு வந்திருக்கும்.

என் கணக்கு இது. ஸ்விட்ச் என்றால் வெளிநாட்டு கார்ட்ரிட்ஜை யோசிக்காமல் வாங்குவேன்; எடை குறைவு, தபாலும் குறைவு. பிளேஸ்டேஷன் என்றால் டிஎல்சி வராத கேமுக்கு மட்டும், அல்லது எல்லாம் டிஸ்க்கிலேயே அடங்கிய முழுப் பதிப்புக்கு மட்டும். பிசி என்றால் அங்கீகாரம் பெற்ற கீ கடையில் தள்ளுபடி வரும்வரை காத்திருப்பேன்.

ஸ்விட்ச் 2 வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில பெட்டிகளில் கேம்-கீ கார்டுதான் இருக்கும். கேமை இணையத்தில்தான் இறக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கம் கீழே அதைக் குறித்திருப்பார்கள். கடைக்காரர் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.