கழுத்து வலியோடு மதுரைக்குப் போனால்

டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பல் டாக்டருக்கும் கண் டாக்டருக்கும் நாள் ஒதுக்குவது வழக்கம். இந்த முறை நான் கழுத்துக்கு ஒதுக்கினேன்.

எனக்கு 61 வயது. கழுத்து எலும்புகள் ஏழில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே தேய்மானம். பெரும்பாலானவர்களுக்குத் தேய்வதும் அதே இடத்தில்தான். காலையில் கழுத்து இறுகிக் கிடக்கும், காரைப் பின்னால் எடுக்கத் திரும்பினால் நறநறக்கும். ஒன்டாரியோவில் 20 முதல் 64 வயது வரைக்கும் பிசியோதெரபிக்கு அரசுக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. வேலை பார்க்கும் இடத்துக் காப்பீட்டில் வருஷத்துக்கென்று ஒரு தொகை உண்டு, கோடை முடிவதற்குள் அது கரைந்துவிடும். 65 ஆகட்டும் என்று காத்திருக்கக் கழுத்துக்குப் பொறுமை இல்லை.

திருநகரில் அக்கா வீடு. போய் இறங்கியதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அத்தான் திருமங்கலம் பக்கம் சுளுக்கு எடுக்கிறவரைச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் யாராவது தடவிவிட்டால் போதும் என்றார். மருந்துக்கடைத் தம்பி சீட்டு எதுவும் கேட்காமலே டைக்ளோஃபெனாக் ஒன்று, தசை தளர ஒன்று, கூடவே கேஸ் மாத்திரை ஒன்று என்று மூன்று வேளைக்கு மடித்துக் கொடுத்தார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். டைக்ளோஃபெனாக் வகை மருந்து அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகாது. வாங்கிய பொட்டலம் அக்கா வீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது.

முதலில் போனது நகருக்குள் இருக்கும் ஒரு பெரிய பிசியோதெரபி நிலையம். ஏசி, வரிசையாகக் கட்டில், பத்து சிட்டிங்குக்கு முன்பணம். கழுத்தில் ஒட்டு வைத்து மின்சாரம், அப்புறம் சூடு, அப்புறம் தாடையில் பட்டை மாட்டி இழுவை. இதில் யாருடைய கையும் என் கழுத்தில் படவில்லை. பயிற்சிக்கு எங்கோ ஜெராக்ஸ் எடுத்த படத்தாள் ஒன்று. மெஷின்கள் கெடுதல் என்று சொல்லவில்லை, படுத்திருக்கும்போது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து படுக்க நான் சிம்மக்கல்லில் குடியிருக்கவில்லையே. பாதியில் நிறுத்திவிட்டேன். பணம் திரும்ப வரவில்லை.

அடுத்துப் பார்த்தது திருப்பரங்குன்றம் சாலையில் ஒற்றை அறையில் தனியாக நடத்தும் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டை. ஒரு முறைக்கு 500 ரூபாய், வீட்டுக்கு வந்தால் 700. முதல் நாள் வலியைப் பற்றிக் கேட்டதைவிட மற்றதைத்தான் அதிகம் கேட்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டச் சொன்னார். ஒரு கோட்டில் குதிகால், விரல் ஒட்ட நடக்கச் சொன்னார். முழங்கையிலும் முழங்காலிலும் சுத்தியலால் தட்டினார். சிறுநீர் அடக்க முடிகிறதா என்றார். கழுத்து வலிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "சார், தண்டுவடம் நசுங்கினா முதல்ல கை விரல்தான் தடுமாறும், நடை தள்ளாடும். அப்படி இருந்தா நான் தொட மாட்டேன், நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பிருவேன்."

எக்ஸ்ரேயைக் காட்டினேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 60 தாண்டியவர்களை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் தெரியும், அதில் பலருக்கு வலியே இருக்காது என்றார். டொராண்டோவில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை, பயத்தில் பாதி அந்த அறையிலேயே போனது.

அப்புறம்தான் கையால் சிகிச்சை. மல்லாக்கப் படுக்க வைத்து, மண்டை ஓட்டின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து மெதுவாகத் தாங்கி இழுத்தார். பிறகு ஒவ்வொரு மூட்டாக, கட்டை விரலால் சின்னச் சின்ன அசைவு. வெடுக்கென்று எதுவும் இல்லை. தோள்பட்டைத் தசையை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே அழுத்தினார். எழுந்தபோது இடப்பக்கம் தோளுக்கு மேலே பார்க்க முடிந்தது. மறுநாள் மதியம் பழையபடி இறுகிவிட்டது. அதையும் அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்: "என் கை தர்றது ஒரு நாள்தான் சார். அந்த ஒரு நாள்ல நீங்க பயிற்சி செஞ்சாதான் நிக்கும்."

தாடையைக் கீழே குனியாமல் நேராக உள்ளே இழுத்து ஐந்து எண்ணுவது. நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையால் தள்ளுவது, ஆனால் தலை அசையக் கூடாது, பக்கவாட்டிலும் பின்னாலும் அதே போல. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகில் நெருக்குவது. ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும். படத்தில் பார்த்தால் ஒன்றுமில்லாத பயிற்சி. நான் தாடையை இழுப்பதாக நினைத்துக்கொண்டு தோளைத் தூக்குகிறேன் என்பது அவர் விரலை வைத்து அழுத்தியபோதுதான் தெரிந்தது. ஊருக்குப் போகிறவர்கள் கடைசி வாரத்தில் பிசியோவுக்குப் போகாதீர்கள், முதல் வாரமே போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். திருத்திக்கொள்ள நாள் வேண்டும்.

கழுத்துப் பட்டை வாங்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். நாள் கணக்கில் மாட்டினால் தசை சோம்பேறியாகிவிடுமாம்.

சித்த மருத்துவரையும் பார்த்தேன், பட்டம் வாங்கியவர். தொக்கணம் என்கிற எண்ணெய்ப் பிடிப்பும், நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடமும். வலி குறைந்தது, நல்ல தூக்கமும் வந்தது. ஒற்றடத்தை அக்கா வீட்டிலேயே தொடர்ந்தேன், ஒரு தடவைக்குக் கால் மணி நேரம். தேய்ந்த எலும்பு வளரும் என்று அவர் சொல்லவில்லை, அதற்காகவே அவர் மேல் மரியாதை.

சலூன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முடி வெட்டி முடித்ததும் தலையில் இரண்டு தட்டு, அப்புறம் தாடையைப் பிடித்து ஒரு திருகு, சொடக்கு. நம்மூரில் இது இலவச இணைப்பு. மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்து எலும்புத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருகினால் அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. நாற்காலியில் உட்காரும்போதே "தம்பி, சொடக்கு மட்டும் வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிடுங்கள். சித்தி மகளுக்கு மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம். அவளையும் பிசியோவிடம் கூட்டிப் போனபோது அவர் கழுத்தைத் தொடவே இல்லை. முடக்குவாதத்தில் மேல் இரண்டு எலும்புகளைப் பிடித்திருக்கும் தசைநார் தளர்ந்திருக்கலாம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பினார்.

வசதி குறைந்த உறவினர்களுக்காக ஒன்று. அரசு இராசாசி மருத்துவமனையில் பிசியோதெரபிக்குக் காசு கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். மேலே சொன்ன பெரியம்மாவுக்கு அப்படித்தான் முழங்காலுக்கு வருகிறார்கள்.

மீனாட்சி கோயிலில் தெற்குக் கோபுரம் 170 அடி. அண்ணாந்து பார்க்கும்போது கழுத்தின் பின்பக்க மூட்டுகள் நெரிபடும். தள்ளி நின்று, பிடரியில் கை கொடுத்துப் பாருங்கள். போடிப் பக்கத்து இலவம்பஞ்சில் மெல்லிய தலையணை ஒன்று தைத்து வாங்கினேன், அக்காவின் இரண்டு தலையணை வழக்கத்திலிருந்து தப்பிக்க.

இப்போது மாதம் ஒருமுறை வாட்ஸ்அப் வீடியோவில் அந்தப் பெண் பிசியோதெரபிஸ்ட்டிடம் பயிற்சியைச் செய்து காட்டுகிறேன். கோடையில் மதுரை மாலை ஆறரை என்றால் இங்கே டொராண்டோவில் காலை ஒன்பது. 300 ரூபாய் வாங்குகிறார். போன தடவையும் தோளைத் தூக்குகிறேன் என்றார்.