சிசிடிவி கம்பெனியின் 'ஐபிஓவுக்கு முந்தைய' பங்கு: பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

"ஐபிஓ வரப்போகுது, இப்பவே வாங்கினா பாதி விலை" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சிசிடிவி கம்பெனிப் பங்குகளை விற்கிறார்கள். ஐபிஓ என்றால் ஒரு கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது. தூண்டிலில் மாட்டும் புழு உண்மைச் செய்திதான். 2025 ஏப்ரல் 9 முதல், அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறாத கேமரா மாடலைப் புதிதாகத் தயாரித்தோ இறக்குமதி செய்தோ விற்க முடியாது. அதே ஆண்டு, சிபி பிளஸ் கேமராக்களை விற்கும் ஆதித்யா இன்ஃபோடெக் ₹675க்கு வெளியிட்ட பங்கு ஆகஸ்ட் 5 அன்று ₹1,000ஐத் தாண்டிப் பங்குச் சந்தையில் பட்டியலானது. இதைக் காட்டி, சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பெனியின் பங்கைத் தலையில் கட்டுகிறார்கள்.

அப்படி ₹2 லட்சம் கட்டிய ஒருவர் கையில் இருப்பது ஒரு காகிதச் சர்டிபிகேட். முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. அந்தக் காகிதத்தின் தலையில் இருந்த சிஐஎன் (CIN) என்ற கம்பெனி அடையாள எண்ணைப் படித்திருந்தாலே போதும். முதல் எழுத்து 'யு' (U) என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி. அதில் உள்ள ஆண்டுக்குப் பின்வரும் மூன்று எழுத்து 'பிடிசி' (PTC) என்றால் பிரைவேட் லிமிடெட். அதன் பங்கைப் பொதுமக்களிடம் கூவி விற்கவே சட்டத்தில் இடமில்லை. 'பிஎல்சி' (PLC), அதாவது பப்ளிக் லிமிடெட், என்றிருந்தாலும் காகிதத்தை வைத்துப் பங்கு கைமாறாது. 2018 அக்டோபர் 2 முதல் டீமேட், அதாவது மின்னணு வடிவப் பங்கு, கட்டாயம். அதனால் முதலில் அந்தப் பங்கின் அடையாள எண்ணான ஐசின் (ISIN) எண்ணைக் கேளுங்கள். பங்கு வந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள்; டீமேட் பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் தளத்தில் உங்கள் லாகினில் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கம்பெனியே நிஜமா என்பது அடுத்தது. மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகமான எம்சிஏவின் தளத்தில் ₹100 கட்டினால் ஆண்டுக் கணக்குகள் கிடைக்கும். லாப நட்டக் கணக்கில் 'மூலப்பொருள் செலவு' சொற்பமாகவும் 'விற்பனைக்கு வாங்கிய சரக்கு' பெருந்தொகையாகவும் இருந்தால், அது கேமரா செய்யும் கம்பெனி இல்லை. வாங்கிய பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டும் கம்பெனி. புதிய விதியில் முதலில் அடிவாங்குவது இந்த ரகம்தான். அரசின் சோதனை அமைப்பான எஸ்டிக்யூசியின் (STQC) தளத்தில், பாதுகாப்புச் சான்று பெற்ற கேமரா மாடல்களின் பட்டியல் இருக்கிறது. சான்று மாடலுக்குத்தான், கம்பெனிக்கு மொத்தமாக இல்லை. பிரவுச்சரில் உள்ள மாடல் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து ஐபிஓவும் வந்தாலும், இப்படி வாங்கிய பங்கை ஐபிஓவில் பங்கு ஒதுக்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் விற்க முடியாது. "லிஸ்டிங் அன்னைக்கே டபுள்" என்பது அப்பட்டமான பொய்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிவிடும். பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்ற எண்), உரையாடல், சர்டிபிகேட் எதையும் அழிக்காதீர்கள்.