யாழ்ப்பாணம் – கொழும்பு ரயில்: பத்தாண்டுப் பயணத்தில் கண்டவை

2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாண நிலையத்துக்கு ரயில் திரும்பி வந்தபோது அம்மாவை அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். 1990 ஜூனில் நின்றுபோன சேவை அது. இடையில் போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ரயிலையே பார்த்திராத பிள்ளைகள் வளர்ந்து, அவர்களும் பிள்ளை பெற்றுவிட்டார்கள். ரயிலை அம்மா இன்றைக்கும் ‘கோச்சி’ என்றுதான் சொல்வார். அன்று அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் அவர் வாயில் வரவில்லை.

அம்மாவின் கண் சிகிச்சைக்காக அன்றிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய் வருகிறோம். இரவுப் பஸ் வேகமாகப் போய்விடும், மறுக்கவில்லை. ஆனால் எழுபது வயதைக் கடந்தவருக்கு அது தண்டனை. கால் வீங்கிவிடும், கழிவறைக்குப் பயந்து தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ரயிலில் எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம், வடை வாங்கிச் சாப்பிடலாம். ஆனையிறவில் இருபுறமும் நீரேரி விரியும்போது அம்மா எப்போதும் பேச்சை நிறுத்திவிடுவார்.

முதல் எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு வேடிக்கையைக் கவனித்தோம். வவுனியாவை அடுத்த ஓமந்தைக்கு வடக்கே இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் போட்ட புதுப் பாதையில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். தெற்கே பழைய பாதையில் ஏறியதும் தூக்கித் தூக்கிப் போடும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ஓமந்தை வந்துவிட்டதென்று அம்மா சொல்லிவிடுவார்.

அந்தப் பழைய பகுதியைத் திருத்தத்தான் 2023 தொடக்கத்தில் அநுராதபுரத்துக்கு வடக்கே பாதையை மூடினார்கள். ஜூலையில் திறந்தார்கள். 2024 தொடக்கத்தில் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே மறுபடி மூடி, அக்டோபரில் திறந்தார்கள். அந்த மாதங்கள் எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தன. ரயில் இல்லாத காலத்தில் கிளாலிக் கடலையும் ஓமந்தைச் சோதனைச்சாவடியையும் தாண்டிப் பழகியவர்கள்தாம் நாங்கள். ஆனால் ஒரு வசதியை நம்பி வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக்கொண்ட பிறகு அது நின்றால் வரும் தவிப்பு வேறு. இரண்டு சிகிச்சைத் திகதிகளை அம்மா தவறவிட்டார். பஸ்ஸில் போக அவரால் முடியவில்லை.

இருந்தும், அந்த வேலை தேவையானது என்றே சொல்வேன். மாகோ முதல் ஓமந்தை வரை 128 கிலோமீட்டர் பாதை புதிதானது. இப்போது அம்மா அநுராதபுரத்தில் தேநீரைச் சிந்தாமல் குடிக்கிறார். ஓமந்தை எங்கே வந்தது என்று என்னிடம் கேட்கிறார்.

தாமதம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. பொல்காவலைக்கு வடக்கே ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டி பிந்தினால், நம் வண்டி ஏதாவதொரு சிறு நிலையத்தில் அதற்காகக் காத்துக் கிடக்கும். காரணம் இன்னதென்று யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிச் சலிப்பு போய்விடும். ஒருமுறை ஒன்றரை மணி நேரம் நின்றோம், ஒருவரும் வரவில்லை. சிகிச்சைக்குப் போகிறவர்கள் முதல் நாளே கொழும்பு சேர்ந்துவிடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

ஆசனத்தை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். பகல் வண்டியானால் சன்னலோரம் கேளுங்கள்.

எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. இருபத்துநான்கு ஆண்டுகள் ரயிலே ஓடாத ஊர்களின் நடுவே வேகமான வண்டி ஓடத் தொடங்கியது. ஆனால் ஒழுங்கைகள் பாதையைக் கடக்கும் பல இடங்களில் காவலாளுமில்லை, தடுப்புமில்லை. அந்தக் கடவைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடவையில் வண்டி வரும் நேரத்தில் அயலவர் ஒருவர் தானாகவே வந்து நின்று பள்ளிப் பிள்ளைகளை மறித்து வைத்திருப்பார். அவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. அங்கே ஒரு தடுப்புக் கம்பம் போடுங்கள் என்று ஊரார் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவில் அம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது.