முன்சக்கரம் தடம் புரண்டால்: ஸ்பிரிங்கா, ஈயமா?

மாதிரி நீராவி இன்ஜினில் பெரிய சக்கரங்கள் ஒழுங்காக ஓடும். முன்னால் உள்ள போனி டிரக்கின் (பக்கவாட்டில் அசையும் சிறு சட்டம்) சின்னச் சக்கரம்தான், பாதை பிரியும் பாயிண்ட் வந்ததும் தாவும். அதைத் தண்டவாளத்தில் அழுத்தி வைக்க இரண்டு வழி: டிரக்கை மேலிருந்து அழுத்தும் ஸ்பிரிங், அல்லது டிரக்கில் எடைக்காக ஒட்டும் ஈயம். எதைச் செய்வதற்கும் முன் சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை அளந்துவிடுங்கள். 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் ஓஓ என்ற அளவு வகை மாதிரி இன்ஜினுக்கு அது சுமார் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். அது தவறினால் இரண்டு வழியும் வீண்.

செலவு: இரண்டுக்குமே சொற்பம்தான்.

வேலை: ஸ்பிரிங் என்றால் ஒரு திருகைக் கழற்றி, சுருளை மெல்ல இழுத்து நீட்டினால் போதும். ஈயத்துக்கு இடம் தேட வேண்டும், எங்கும் உரசக் கூடாது.

இழுவை: இங்கேதான் உண்மையான வித்தியாசம். ஸ்பிரிங் புதிதாக எடை தருவதில்லை, இன்ஜினின் எடையைத்தான் முன்சக்கரத்துக்கு மாற்றுகிறது. அதிகம் நீட்டிவிட்டால் முதல் பெரிய சக்கரமே எழும்பிவிடும். அதன் அடியில் மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் நழுவினால் ஸ்பிரிங்கைக் குறையுங்கள். ஈயத்தில் இந்தத் தொல்லை இல்லை.

ஆயுள்: ஈயம் அப்படியே கிடக்கும். ஆனால் பிவிஏ என்ற வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். நாளடைவில் ஈயம் அரித்து உப்பி, உடலையே பிளந்துவிடும். இரண்டு பொருளைக் கலந்து ஒட்டும் எபாக்சி பசை நல்லது. அப்புறம், கையை நன்றாகக் கழுவுங்கள்.

கனமான உலோக உடல் இன்ஜினுக்கு ஸ்பிரிங் சரி. ஏற்கெனவே ஏற்றத்தில் வழுக்கும் இலேசான இன்ஜினுக்கு ஈயம்தான். இடம் இருந்தால் நான் எப்போதும் ஈயத்தையே முதலில் முயல்வேன்.