இரண்டு துணிக்கைகள் மோதினால்? இழைக் கொள்கையும் லூப் ஈர்ப்பும் தரும் விடைகள்

"சேர், ரெண்டு கிராவிட்டன் மோதினா என்ன நடக்கும் எண்டு லூப் ஆக்கள் கணக்குப் பார்த்திருக்காங்களா?"

வந்தாறுமூலை கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகத்தில்) பௌதிகவியல் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டது. கிராவிட்டன் என்பது ஈர்ப்பைச் சுமப்பதாகக் கருதப்படும் துணிக்கை. 'லூப் ஆக்கள்' என்றால் லூப் குவாண்டம் ஈர்ப்பு என்ற கொள்கையில் வேலை செய்பவர்கள். குவாண்டம் ஈர்ப்பில், அதாவது ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளுக்குள் கொண்டுவரும் முயற்சியில், எந்தக் கொள்கை சரி என்று மணிக்கணக்காக வாதாடுவதைவிட இந்தக் கேள்வி எவ்வளவோ மேல். ஒவ்வொரு கொள்கையிடமும் இது ஓர் எண்ணைக் கேட்கிறது. அதனால் இந்த அலசலில் கொள்கைகளின் அழகைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மோதலுக்கு விடை வருகிறதா என்பதை மட்டும் முதலில் பார்க்கிறேன்.

சிதறல் கணக்கின் அமைப்பு எளிது. வெகு தூரத்திலிருந்து துணிக்கைகள் வருகின்றன, நடுவில் இடைத்தாக்கம் நடக்கிறது, பிறகு வெகு தூரத்துக்குப் போகின்றன. உள்ளே வந்தது இது என்றால் வெளியே போவது அது என்பதற்கான நிகழ்தகவு வீச்சம் (பருமனை வர்க்கித்தால் நிகழ்தகவு தரும் எண்) என்ன? ஏ.எல். மாணவர்கள் படிக்கும் ரதர்போர்ட்டின் பொற்றகட்டுச் சோதனையில் தொடங்கி ஜெனீவாவின் பெரிய ஹாட்ரன் மோதுவி வரைக்கும் கேள்வி இதுதான். ஆனால் 'வெகு தூரம்' என்று சொல்வதற்கே ஒரு வெளி வேண்டும். கரம் போட்டில் காய்கள் மோதும்போது பலகை அசையாமல் கிடக்கிறது. ஈர்ப்பில் பலகையும் ஒரு காய். கொள்கைகள் பிரிந்து போவது இந்த இடத்தில்தான்.

பழைய வழி பலகையை ஆணியடித்து வைக்கிறது. தட்டையான வெளி-நேரம், அதன்மேல் எழும் சிற்றலை, அந்த அலையின் குவாண்டமாகக் கிராவிட்டன். மிச்சம் ஃபெயின்மன் வரைபடங்கள்: மோதல் நடக்கக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் ஒரு படம், எல்லாவற்றையும் கூட்டினால் விடை. படத்தில் வரும் மூடிய வளையம் ஒரு 'சுற்று'; சுற்று கூடக் கூடத் திருத்தம் நுணுக்கமாகும். சடப்பொருள் இல்லாத ஈர்ப்பில் ஒரு சுற்றுவரை முடிவிலி ஆபத்தில்லை என்று 1974 இல் தொஃப்டும் வெல்ட்மனும் காட்டினார்கள். 1985 இல் கோரொஃபும் சஞோட்டியும் இரண்டு சுற்றுக் கணக்கை முடித்தபோது, நீக்க முடியாத முடிவிலி எஞ்சி நின்றது. இத்தோடு அந்த வழி முடிந்துபோனது என்று சிலர் எழுதுவது அநியாயம். தாழ்ந்த சக்தியில் அதே வழி நம்பத்தக்க விடை தரும் என்று 1994 இல் டொனோகு நிறுவினார். நியூட்டனின் ஈர்ப்பு அழுத்த சக்திக்கு வரும் குவாண்டம் திருத்தம், பிளாங்க் நீளத்தின் (குவாண்டம் ஈர்ப்புக்குரிய மிகச் சிறிய நீளத்தின்) வர்க்கத்தைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவுக்கு விகிதசமம். 2003 இல் கிடைத்த அதன் குணகம் 41-ஐப் பத்து பையால் வகுத்தது, ஏறத்தாழ 1.3. ஒரு மீற்றர் தூரத்தில் இந்தத் திருத்தம் 10 இன் மறை 70 ஆம் அடுக்கு அளவில்தான் இருக்கும். யாராலும் அளக்க முடியாது. ஆனாலும் இது உயர் சக்தியில் என்ன நடக்கிறது என்ற முன்னனுமானம் எதுவும் இல்லாமல் வந்த எண். எந்தக் கொள்கை வென்றாலும் இந்த எண்ணைத் திருப்பித் தர வேண்டும்.

துணிக்கைகளைப் புள்ளிகளாக அல்லாமல் அதிரும் நுண்ணிழைகளாகப் பார்க்கும் இழைக் கொள்கை இந்தச் சோதனையில் சிரமப்படுவதில்லை. பிறந்ததே சிதறலில்தான்: 1968 இல் வெனெசியானோ எழுதியது ஒரு சிதறல் வீச்சம். 1974 இல் ஷெர்க்கும் ஷ்வார்ஸும், தனியாக யொனெயாவும், மூடிய இழையின் ஓர் அதிர்வு கிராவிட்டன்போல் நடந்துகொள்வதைக் கண்டார்கள். கிராவிட்டன்–கிராவிட்டன் சிதறலுக்கு அங்கே சூத்திரமே இருக்கிறது. சக்தியைக் கூட்டக் கூட்ட, மாறாத கோணத்தில் வீச்சம் அடுக்குக்குறி வேகத்தில் குறைகிறது. விலை பத்துப் பரிமாணம், அதோடு மிகைச்சமச்சீர், அதாவது ஒவ்வொரு வகைத் துணிக்கைக்கும் ஒரு பங்காளித் துணிக்கை உண்டு என்ற எடுகோள். மிகைச்சமச்சீர்ப் பங்காளித் துணிக்கை எதையும் ஜெனீவாவில் இதுவரை காணவில்லை. அதைவிட என்னை உறுத்துவது, நடைமுறையில் இந்த வீச்சங்களும் ஆணியடித்த பலகையின்மேல் போடப்படுபவை என்பது.

லூப் குவாண்டம் ஈர்ப்பு ஆணியைப் பிடுங்கிவிடுகிறது. பொதுச் சார்பியலை எழுத 1986 இல் அஷ்டேகர் தந்த புதிய மாறிகளிலிருந்து வளர்ந்து, 1995 இல் ரொவெல்லி, ஸ்மோலின் கைகளில் பரப்பளவும் கனவளவும் தொடர்ச்சியற்றவை என்ற முடிவுக்கு வந்தது. வெளி என்பது, கோடுகளின்மேல் கறங்கல் (spin) எண்கள் எழுதிய ஒரு வலையமைப்பு. வலைக்கு வெளியே ஒன்றும் இல்லை. அப்படியானால் துணிக்கை எங்கே இருக்கிறது? இதற்கு லூப் முகாமுக்குள்ளேயே போட்டி விடைகள் உண்டு, எனக்குச் சுவையான பகுதியும் அதுதான்.

மிக அடக்கமான விடை: இலத்திரன் போன்ற ஃபெர்மியோன்களை வலையின் முடிச்சுகளிலும், விசைப் புலங்களை இணைப்புக் கோடுகளிலும் கொண்டுபோய் வைப்பது. 1998 இல் தீமன் இதைக் கணித ஒழுங்கோடு செய்தார். குறை சொல்ல இடமில்லை, ஆனால் துணிக்கை ஏன் இருக்கிறது என்பதற்கு இதில் விளக்கமும் இல்லை.

அதற்கு நேரெதிர், பின்னல் விடை. பில்சன்-தொம்சன் 2005 இல் முன்வைத்ததை அடுத்த ஆண்டு மார்க்கோபுலு, ஸ்மோலினுடன் சேர்ந்து லூப் வலைக்குள் கொண்டுவந்தார். மூன்று நாடாக்களைப் பின்னுங்கள். ஒரு நாடாவின் ஒரு முறுக்கு, இலத்திரன் ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றும் மறை முறுக்கென்றால் இலத்திரன். இரண்டு நேர் முறுக்கு, ஒன்று முறுக்கற்றது என்றால் மேல் குவார்க்கின் மூன்றில் இரண்டு ஏற்றம். முறுக்கற்ற நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்பது குவார்க்கின் 'நிறம்' (கண் காணும் நிறமல்ல, வன்விசைக்குரிய ஏற்றம்). வெறும் பின்னலிலிருந்து இலத்திரன், மேல் குவார்க் போன்ற முதல் தலைமுறைத் துணிக்கைகள் விழுவதைத் தாளில் போட்டுப் பார்க்கும்போது மெய்சிலிர்க்கும். ஆனால் எங்கள் கேள்வி மோதல் பற்றியது. மூன்று கோடுகள் சந்திக்கும் முடிச்சுகளைக் கொண்ட வலையில் இந்தப் பின்னல்கள் அழியாமல் காக்கப்படுகின்றன. அந்தக் காப்பே அவற்றை ஒன்றோடொன்று சேரவும் பிரியவும் விடுவதில்லை. 2007 இல் ஸ்மோலினும் வானும் நான்கு கோடுகள் சந்திக்கும் வலைக்கு மாறி, சில பின்னல்கள் சேர்ந்து பிரிவதைக் காட்டினார்கள். அங்கே போனதும் எந்தப் பின்னல் எந்தத் துணிக்கை என்ற தெளிவு குலைந்தது. திணிவுக்கும் வழியில்லை. மனம் விரும்பினாலும் இதற்கு என் வாக்கு இல்லை.

மூன்றாவது, எல்லை வழி. வெகு தூரம் என்று ஒன்று இல்லையென்றால், ஒரு சிறு வெளி-நேரத் துண்டைச் சுற்றி எல்லை போடுங்கள். எல்லையின் வடிவத்தைத் தரவாகக் கொடுங்கள். உள்ளே நடக்கக்கூடிய எல்லாவற்றையும் கறங்கல் நுரை மாதிரியால் (கறங்கல் வலை மாறக்கூடிய வழிகளையெல்லாம் கூட்டும் முறையால்) கூட்டுங்கள். தூரம் எல்லைத் தரவிலிருந்தே வந்துவிடும். 2006 இல் ரொவெல்லி இப்படிக் கிராவிட்டனின் பரப்பியை (ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கான வீச்சத்தை) கணித்தபோது, தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும் சரியான வடிவம் வந்தது. அடுத்த ஆண்டே அலேஷியும் ரொவெல்லியும் அந்தக் கணக்கில் பயன்பட்ட பாரெட்–கிரேன் என்ற பழைய நுரை மாதிரியில் சில கூறுகள் பிழைப்பதைத் தாங்களே வெளியிட்டார்கள். அந்தத் தோல்வி, புதிய மாதிரி வேண்டும் என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்தது. 2009 இல் பியாங்கி, மலியாரோ, பெரினி மூவரும் புதிய மாதிரியில், கறங்கல் எண்கள் மிகப் பெரிதாகும்போது, முதல் வரிசை பழைய வழியின் விடையோடு பொருந்துவதைக் காட்டினார்கள். 2011 இல் மூன்று புள்ளிகளை இணைக்கும் மும்முனைச் சார்பும் வந்தது. இரண்டு கிராவிட்டன் மோதி இரண்டு வெளியேற நான்முனைச் சார்பு வேண்டும், அதன் சுற்றுத் திருத்தங்கள் வேண்டும். அந்த 41 இன்னும் லூப் பக்கத்திலிருந்து வரவில்லை.

இதற்கு நடுவே முழுக் கணக்கும் முடிந்த ஓர் இடம் உண்டு: இரண்டு வெளிப் பரிமாணமும் நேரமும் மட்டும் உள்ள உலகு. அங்கே திணிவு வெளியைக் கூம்பாக்குகிறது என்று 1984 இல் டெசர், ஜகிவ், தொஃப்ட் காட்டினார்கள். கல்முனையில் ஒரு ஞாயிற்றுக் கலந்துரையாடலில் இதைச் செய்து பார்த்தோம். ஃபோட்டோகொப்பித் தாளில் நடுப்புள்ளி வரை ஓர் ஆப்புத் துண்டை வெட்டியெடுத்து, வெட்டிய விளிம்புகளை ஒட்டினால் கூம்பு. வெட்டு முன்பக்கம் வர, நுனிக்கு இருபுறமும் முதலில் சமாந்தரமாகப் போகும் இரண்டு நேர்கோடுகளை வரைந்தால், நுனியைத் தாண்டியதும் அவை வெட்டிக்கொள்கின்றன. விசை எதுவும் இல்லாமலே சிதறல். சம்மாந்துறையிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர் பாகைமானியை வைத்துப் பார்த்தார்: வெட்டும் கோணம் ஆப்பின் கோணமேதான். இந்த உலகில் ஈர்ப்பை முழுவதும் கூட்டி முடித்தால் மிஞ்சுவது, உந்தங்கள் சாதாரணமாகக் கூட்டுப்படாத, வளைந்த உந்த வெளியுள்ள ஒரு புலக் கொள்கை என்று ஃப்ரெய்டலும் லிவினும் 2005 இல் காட்டினார்கள். அதுவும் கறங்கல் நுரையிலிருந்து. கிராவிட்டன் அங்கே கிடையாது என்பது பெரிய குறைதான். இருந்தும் லூப் வழியில் சிதறல் என்றால் என்ன என்று முழுதாகக் கணித்துப் பார்க்கக்கூடிய இடம் அது.

சோதனை கைகொடுக்குமா? குவாண்டம் ஈர்ப்பு வலுவாகத் தெரியவரும் பிளாங்க் சக்தி, ஜெனீவாவின் 13.6 ரெரா இலத்திரன்வோற்றைவிட ஏறத்தாழ 10 இன் 15 ஆம் அடுக்கு மடங்கு மேலே. கிட்டடியில் இல்லை.

எனவே முதுமாணிக்கு விண்ணப்பிக்க எண்ணும் பிள்ளைகளுக்கு என் தெரிவு இது. கணிக்கக் கற்றுக்கொள்ள டொனோகுவின் வழி. அதைக் கற்காமல் லூப்புக்கும் போக வேண்டாம், இழைக்கும் போக வேண்டாம். சிதறல் சூத்திரம் இப்போதே கையில் வேண்டுமென்றால் இழைக் கொள்கை. பலகையும் காயென்பதை விட்டுக்கொடுக்க மனம் இல்லாதவர்கள் எல்லை வழிக்கு வாருங்கள், முதலில் மூன்று பரிமாணக் கணக்கை முடித்துவிட்டு. அங்கே நான்முனைச் சார்பு இன்னும் ஆள் தேடிக் கிடக்கிறது.